வாபஸ் அக்கா

எங்கள் தெருவில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் சொத்தைக் கத்தரிக்காயை வாங்கிவந்து, சொத்தையை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சமைத்துச் சாப்பிட்டபடியே கடைக்காரனைத் திட்டுகிற ரகம். நானும் அந்த ரகம்தான். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா கையில் மூடாத கிண்ணத்தோடு வெயிலில் விறுவிறுவென்று போவதைப் பார்த்தேன். கிண்ணத்தில் ஆவி பறக்கும் குழம்பு.

"எங்கக்கா போறீங்க?"

"மார்க்கெட்டுக்கு. காய்க்குள்ள புழு வெந்து கெடக்குது. வித்தவன் ஒரு வாய் சாப்ட்டுப் பாக்க வேணாமா?"

காய்க்காரர் சாப்பிடவில்லை. வேறு காய் கொடுத்தார், வீணாய்ப்போன புளிக்கும் எண்ணெய்க்கும் சேர்த்து ஒரு கட்டுக் கொத்தமல்லியும் கொடுத்தார். கொத்தமல்லியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அக்கா திரும்பி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஊரில் அவருக்கு 'வாபஸ் அக்கா' என்று பெயர். பின்னால்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நெடுநெடுவென்று உயரம், ஒல்லி. அகலமான நெற்றி. அந்த நெற்றியில் காலையில் குளித்ததும் வைத்த குங்குமம் சாயங்காலம் வரை கலையாமல் இருக்க அவர் படாத பாடில்லை. எங்கள் ஊர் வெயில் தெரியுமல்லவா, மலை பகலெல்லாம் சூடு வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி எங்கள் மேல் விடும். வேர்வையில் குங்குமம் மூக்கில் வழியும். அவர் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் கிடையாது. வீட்டில் இருந்த எல்லா வாயும் அக்காவுக்கே போய்விட்டது என்று கிண்டல் செய்வோம். ஒரே பெண். அந்தப் பெண்ணும் அப்பாவைப் போலச் சாது.

ஒரு தடவை நானும் அக்காவும் அவர் பெண்ணும் மேட்னி ஷோ பார்க்கப் போயிருந்தோம். படத்தில் ஒரு பாட்டு வரவில்லை. ரேடியோவில் தினமும் கேட்கிற பாட்டு, கொட்டகைக்காரன் நேரத்தை மிச்சப்படுத்த வெட்டிவிட்டான். எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். அக்கா எழுந்து பெண்கள் பக்கத்துத் தடுப்பின் மேல் கையை ஊன்றி நின்று, "பாட்டு எங்கடா?" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான், கொட்டகையே கத்தியது. கடைசியில் படம் முடிந்து, வில்லன் செத்து, வணக்கம் போட்ட பிறகு, அந்தப் பாட்டைத் தனியாக ஓட்டினார்கள். அக்கா உட்கார்ந்து முழுசும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

எனக்கு மட்டும் இதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். "கூட்டமில்லாத நேரமா பாத்துப் போய்க் கேட்டா இன்னாக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அய்ய! தனியா போனா நாம கெஞ்சணும். கூட்டத்துல போனா அவன் கெஞ்சுவான். இது கூடத் தெரியல, பெருசா பத்தாவது படிச்சிருக்க" என்றார்.

இப்படிப்பட்டவர், எதையும் முகர்ந்து, அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர், வாழ்க்கையிலேயே ஒரே ஒரு சாமானைத்தான் வாயாரப் புகழ்ந்தார். அது ஸ்டிக்கர் பொட்டு.

எண்பதுகளின் ஆரம்பத்தில் தேரடித் தெருப் பக்கம் ஒரு பேன்சி ஸ்டோரில் அந்த அட்டைகள் தொங்க ஆரம்பித்தன. அட்டையில் லட்சுமி படம், அதன் கீழே வரிசையாக மெரூன் நிறப் பொட்டுகள். உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. வேர்வைக்கு அசையாது, வழியாது. ராத்திரி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் காலையில் மறுபடி வைத்துக்கொள்ளலாம். ஊரில் எந்த வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாலும் ஓரத்தில் பொட்டு பொட்டாக இருக்கும்.

"இதுல வாபஸ் குடுக்க ஒண்ணுமே இல்லம்மா. நல்ல சாமான்" என்றார் அக்கா, என் வீட்டுக் கண்ணாடி முன் நின்று தன் நெற்றியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து. அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தது முதலாளியின் மனைவி. அவள்தான் ஊரிலேயே முதலில் ஸ்டிக்கர் வைத்தவள். முதலில் மிளகு அளவுக்கு வைத்தாள். பிறகு பட்டாணி. பிறகு எட்டணாக் காசு. வியாபாரத்துக்காகப் பெரிது பெரிதாக வைத்துக் காட்டுகிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் அக்கா நெற்றியைச் சொறிய ஆரம்பித்தார். வேர்க்குரு என்றார். வட்டமாகச் சிவந்தது, பிறகு தோல் உரிந்தது. சிவப்பு போன இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அளவெடுத்து வெட்டினது போல, சரியாகப் பொட்டு அளவு. அக்கா கடைக்குப் போய்க் கேட்டார். முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சூட்டு ஒடம்புக்கா. கொஞ்சம் பெருசா வைங்க, மறைஞ்சிடும். ஒங்க மொகத்துக்குப் பெருசுதான் லட்சணம்" என்று அடுத்த அளவு அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

அக்கா வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளையை மறைக்கப் பெரிய பொட்டு. பெரிய பொட்டுக்கடியில் பெரிய வெள்ளை. அதை மறைக்க அதைவிடப் பெரிய பொட்டு. இதை அவர் மட்டும் செய்யவில்லை, ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். நெற்றியில் குறை தெரிந்தால் பொட்டால் மறைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். அதே பசையை, புண்ணான இடத்திலேயே, இன்னும் அகலமாக.

ஒரு மத்தியானம் நான் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈர முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டார். அந்த மனுஷி எதையும் மறைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"வெண்குஷ்டம்னு சொல்லிடாதம்மா யார்கிட்டயும். பொண்ணுக்குப் பாத்துக்கிட்டு இருக்கறோம்" என்றார்.

அந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்தால் அவர்களை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்பேன். நிறம் போவதற்கும் குஷ்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒட்டாத, பரவாத ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்து எத்தனை பெண்களைப் பின்கட்டிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்!

நான் அவரை இழுத்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு தோல் டாக்டரம்மா. பொட்டை எடுக்கச் சொல்லிப் பார்த்ததும், "ஸ்டிக்கர் வைக்கிறீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பசை நல்லா ஒட்டறதுக்கு அதுல ஒரு கெமிக்கல் சேக்கறாங்க. ரப்பர் செருப்பு ஒட்டற பசையிலயும் இந்த மாதிரி போடறதுதான். சில பேர் தோலுக்கு அது ஆகாது. நிறத்த உண்டாக்கற உயிரணுவையே கொன்னுடும். எல்லாருக்கும் ஆகறதில்ல, அதனாலதான் யாரும் நம்பறதில்ல."

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "எம்பொண்ணுக்கு வருமா?"

"இது பரம்பரை இல்லம்மா. உங்ககிட்ட இருந்து போகாது. ஆனா அவளும் இதையே ஒட்டினா அவளுக்கும் ஆகலாம். மொதல்ல நெத்திய சும்மா விடுங்க. ஸ்டிக்கர் வேணாம், கடைக் குங்குமமும் இப்ப வேணாம், புண்ணு ஆறட்டும். சில பேருக்கு நிறம் திரும்பி வரும். சில பேருக்கு வராது."

பஸ்ஸில் வரும்போது அக்கா குழந்தை மாதிரி இருந்தார். "பரம்பரை இல்லியாம்" என்று நாலு தடவை சொன்னார். ஆரணி தாண்டும்போது பொட்டை உரித்து ஜன்னல் வழியாக எறிந்தார். வெறும் நெற்றியில் காற்று பட்டது.

வீட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? வாயே இல்லாத அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் வாய் வந்தது. "நான் உசுரோட இருக்கும்போதே வெறும் நெத்தியா?" என்று கேட்டாராம். கோபமாகக் கூட இல்லை, அழுகிற மாதிரி கேட்டாராம். புருஷன் இருக்கிறவள் பொட்டில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. திருநீறு மட்டும் பூசினால் அதற்கு வேறு அர்த்தம். தோல் வெந்து வெளுத்தாலும் சரி, வட்டமாக ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். மறுநாள் காலை அக்கா நெற்றியில் ஸ்டிக்கர் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதிருப்பார், அல்லது நான் கத்தியிருப்பேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நிலம், பம்ப்செட், பையனுக்கு வேலை, எல்லாம் நல்ல இடம். பெண்ணைப் பிடித்துவிட்டது. பையனின் அம்மா சிரித்த முகமாகத் தாம்பூலத்துக்குக் கை நீட்டினார். அக்கா இருப்பதிலேயே பெரிய பொட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர். முகமெல்லாம் வேர்வை. புண்ணில் நீர் கசிந்து பசை விட்டிருக்க வேண்டும். தட்டை நீட்டிக் குனிந்தார், பொட்டு கழன்று வெற்றிலை மேல் விழுந்தது.

அந்த அம்மாள் வெற்றிலையைப் பார்த்தார், அக்காவின் நெற்றியைப் பார்த்தார், நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இது ஸ்டிக்கர்ல ஆனதுங்க. வேலூர்ல டாக்டரே சொன்னாங்க. பரம்பரை இல்லீங்க" என்றார் அக்கா. அவர் 'ங்க' போட்டுக் கெஞ்சி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எங்க ஊர்லயும் எல்லாரும் ஸ்டிக்கர்தான் வைக்கறாங்க. தோ, இவங்க கூடத்தான் வச்சிருக்காங்க" என்று என்னைக் காட்டினார் அந்த அம்மாள். "இவங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

உண்மைதான். நானும் அதே கடையில், அதே அட்டையில்தான் வாங்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் நல்ல நெற்றியையே அவருக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. காபியைக் குடிக்காமல் வேன் ஏறிப் போனார்கள். 'அம்மாவுக்கு இருக்கிறது பொண்ணுக்கும் வரும்' என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வேறு தரகர் யாரும் வரவில்லை.

அக்கா அடங்கிப்போனார். பால்காரன் பாலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினான், அக்கா வாங்கிக் காய்ச்சினார். ரேஷன் கடையில் எடை கம்மி, தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு நாள் அழுகின தக்காளியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் போல. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்களைப் போல இருக்க எங்கள் தெருவில் நாங்கள் போதாதா?

கார்த்திகை மாதம் வந்தது. தீபத் திருவிழா ஆரம்பித்து ஊருக்குள் ஜனம் நெரிந்துகொண்டிருந்தது. தீபத்தன்று காலையில் நான் அக்கா வீட்டுக்குப் பூ கொடுக்கப் போனேன். பெண் தலை சீவிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே நெற்றியைச் சொறிந்தாள். அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பொட்டை உரித்தார். அடியில் சிவப்பாக ஒரு வளையம்.

"ஒனக்கு வாணாம்னு சொன்னேனேடி!"

"வெறும் நெத்தியா வெளிய போனா, ஒங்கம்மா மாதிரி ஒனக்கும் வந்துடுச்சான்னு கேக்கறாங்கம்மா" என்றாள் பெண்.

அக்கா கண்ணாடி ஓரத்தில் இருந்த பொட்டுகளை எல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தார். மகள் நெற்றியில் இருந்து உரித்ததையும் சேர்த்து அட்டையில் ஒட்டினார். கடைசியில் தன் நெற்றியில் இருந்ததை. பிறகு முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வெறும் நெற்றியோடு தெருவில் இறங்கினார். தீபத்தன்று. வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"அக்கா, இன்னிக்கிக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்" என்றேன், பின்னாலேயே ஓடி.

"அதான் போறேன்" என்றார்.

கடை வாசலில் வளையலுக்கும் பொட்டுக்கும் பெண்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளூர், வெளியூர், அடி அண்ணாமலையிலிருந்து கூடையோடு வந்தவர்கள். அக்கா நேரே போய்க் கல்லா மேல் அட்டையை வைத்தார்.

"வாபஸ் எடுத்துக்க."

முதலாளி அவர் நெற்றியைப் பார்த்தான். ஒரு வினாடிதான். உடனே சுவரில் தொங்கின போர்டைக் காட்டினான். விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது என்று எழுதியிருந்தது.

"பொருள் ஒனக்கு வாபஸ் வந்துடுச்சு, தோ வச்சிட்டேன். துட்டு வேணாம். நீ எடுத்தத எனக்குக் குடு. எந்நெத்தி நெறத்தக் குடு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நல்ல நாள் அதுவுமா இது என்ன என்றாள் ஒருத்தி. முண்டச்சி மாதிரி என்று கூட ஒரு குரல் வந்தது. யாரென்று திரும்பிப் பார்த்தேன், தெரியவில்லை. கடைக்காரனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஒனக்கு இருக்கற நோவுக்கு எங்கடைதான் கெடச்சுதா? ஊரே வைக்குது, யாருக்கு ஆச்சு? சொல்லு, யாருக்கு ஆச்சு?"

அக்கா அவன் பக்கத்தில், கல்லாவில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளையே பார்த்தார். பெரிய பொட்டு. ஊரிலேயே பெரிய பொட்டு. அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"ஒனக்கு எவ்ளோ நாளாம்மா?" என்றார் அக்கா. அதட்டவில்லை.

"ஏய், உள்ள போ நீ" என்றான் புருஷன்.

அவள் போகவில்லை. பொட்டை உரித்தாள். எட்டணாக் காசை விடப் பெரிய வெள்ளை, புருவம் வரை.

"ரெண்டு வருசம்க்கா" என்றாள். "இவருதான் பெருசா வச்சி மறைச்சுக்கோன்னாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குத் தெரியும். அக்காவுக்கு முதல் புள்ளி வந்தபோதே தெரியும். தன் வீட்டில் செய்த வைத்தியத்தைத்தான் காசு வாங்கிக்கொண்டு எங்களுக்கும் சொன்னான். சொந்தப் பெண்டாட்டியின் நெற்றியைக் கடை வாசலில் விளம்பரமாக உட்கார வைத்துக்கொண்டு சொன்னான். இன்றைக்கும் அவன் முகம் ஞாபகம் வந்தால் எனக்குக் கை பரபரக்கிறது. கூடையோடு நின்ற அடி அண்ணாமலைக்காரி ஒருத்தி மெதுவாகத் தன் பொட்டை விரலால் தூக்கி, பக்கத்தில் இருந்தவளிடம், "பாருடி, எனக்கு ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள். முண்டச்சி என்ற குரல் அதற்கப்புறம் கேட்கவில்லை.

கடைக்காரன் ஒன்றும் ஊரை விட்டு ஓடிவிடவில்லை. சில நாள் அட்டைகளை உள்ளே வைத்திருந்தான். பிறகு வேறு படம் போட்ட அட்டைகள் தொங்கின. பசையில் என்ன இருக்கிறது என்று அதிலும் எழுதவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? செய்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே அட்டையில் இல்லை. ஆனால் மகளின் நெற்றியில் இருந்த சிவப்பு ஆறிவிட்டது, வெளுக்கவில்லை. அன்றைக்குக் கடையில் நின்ற ஒரு வெளியூர் அம்மாள், நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்தவர், பிறகு தேடிக்கொண்டு வந்து தன் தம்பிக்குப் பெண் கேட்டார். கல்யாணப் பந்தலில் அக்கா வெறும் நெற்றியோடுதான் நின்றார். குங்குமச் சிமிழை நீட்டவா வேண்டாமா என்று தயங்கினவர்களிடம், "சந்தனம் மட்டும் குடு, கையில. எம்புருசன் தோ கல்லாட்டம் உக்காந்திருக்காரு, நல்லா பாத்துக்க" என்றார். அந்த மனிதர் நிஜமாகவே கையைத் தூக்கிக் காட்டினார்.

அதன் பிறகு நாங்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனோம். கடைசியாக நான் அவரைப் பார்க்கப் போனபோது, பால்காரனை வாசலிலேயே நிறுத்திச் சொம்பைத் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். நெற்றியைப் பார்த்தேன். ஓரங்களிலிருந்து நிறம் புள்ளி புள்ளியாகத் திரும்பி வந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளை அப்படியே இருந்தது.

"போய்டும்க்கா, இதுவும் சரியாப்போய்டும்" என்றேன்.

அக்கா அதைக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்கு மேல வராதாம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றார். "மிச்சம் அந்தப் பொட்டுக் கடைக்காரன்கிட்டதான் இருக்குது. நான் இன்னும் கேக்கறத உடல."